இரட்டைப் பதிவு

என் மடிக்கணினியில் ஓ என்ற எழுத்து வேலை செய்யாது.
கிசுமுவில் ஒரு கணினிக்கு
இதைவிடக் கெட்ட வியாதி வரக்கூடாது.
இங்கே ஆண்களில் பாதிப்பேர் ஓ-வில் தொடங்குகிறார்கள்:
ஓமோண்டி, ஓகுட்டு, ஓலூச்.
ஒவ்வொரு ஓ-வையும் வேறெங்கிருந்தோ நகலெடுத்து
ஒட்டி ஒட்டித்தான்
முதுகலைத் தகவல் தொழில்நுட்பத்தின்
முதல் வருடத்தைக் கடந்தேன்.

மாலையில் வகுப்பு.
இரவில் அரசு மருத்துவமனையின் பதிவு மேசை.
நடுவே மட்டாட்டு வண்டியில் இருபது நிமிடம்,
அதுதான் என் நூலகம்.
பக்கத்து இருக்கைக்காரரின் மீன்கூடை
தரவுத்தளம் பற்றிய பாடத்தின் மேல் சொட்டும்.

ஆய்வுத் தலைப்பு:
நோயாளர் பதிவேட்டில் இரட்டைப் பதிவுகளைக் களைதல்.
ஒரே மனிதர் மூன்று முறை வந்து
மூன்று மனிதர்களாகிவிடுகிறார் அல்லவா,
மலேரியாவுக்கு ஒருவர்,
பல்வலிக்கு ஒருவர்,
மழையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் ஒருவர்.
அவர்களை மறுபடி ஒருவராக்க வேண்டும்.
பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், ஊர்
நான்கையும் நிறுத்துப் பார்த்து
என் நிரல் ஓர் எண் சொல்லும்.
தொண்ணூற்றிரண்டைத் தாண்டினால்
இருவரும் ஒருவரே.

நாற்பத்தோராயிரம் பேர்
ஒரே இரவில் முப்பத்தேழாயிரம் ஆனார்கள்.
"நல்ல எண். மேலே எழுது"
என்று ஓரத்தில் குறித்தார் முனைவர் நியாபோக்கே.
அன்று நான் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மின்சாரம் மூன்றாம் முறை போய்த் திரும்பிய ஓர் இரவு.
காய்ச்சலோடு ஒரு பெண்.
பழைய பதிவேடு இன்னும் விழிக்கவில்லை.
சோதனைக்காக என் மேசையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த
புதியதில் தேடினேன்.
"ஏ. ஓவினோ. குடல்வால் அறுவை ஆகியிருக்கிறது" என்றேன்.
"இல்லை" என்றாள்.
"இருக்கிறது, பாருங்கள், தேதியோடு."
அவள் பார்க்கவில்லை.
எழுந்து, சட்டையை மேலே தூக்கி,
விளக்கு வெளிச்சத்தில் வயிற்றைக் காட்டினாள்.
ஒரு கீறல் இல்லை.

"அது அபியோ. நான் அடோங்கோ" என்றவள்
காய்ச்சலிலும் சிரித்தாள்.
"எங்களை அம்மாகூட இத்தனை குழப்பியதில்லை."

அபியோ என்றால் முந்தி வந்த இரட்டை.
அடோங்கோ என்றால் உள்ளே தங்கிப் பிந்தியவள்.
பிறந்த தேதி சொல்லாத ஒன்றை
எங்கள் மொழி பெயருக்குள் எழுதி வைத்திருந்தது.
நாங்கள் அதை ஓர் எழுத்தாக்கி
பக்கத்தில் புள்ளி வைத்துவிட்டோம்.
யார் என்று பார்த்தேன்.
இரண்டில் ஒரு பதிவில்
பதிந்தவர் குறியீடு என்னுடையது.
ஓர் ஏ தட்டினால் போதும் என்று
தூக்கக் கலக்கத்தில் நினைத்திருப்பேன்.
அந்த எழுத்தாவது வேலை செய்கிறதே.

பிறகு தேடியதில் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிகள்,
கருவறை விட்டு வந்து
என் நிரலுக்குள் ஒட்டிக்கொண்டவர்கள்.
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
விதியை மாற்றினேன்.
முன்பு நூற்றில் தொண்ணூற்றேழைப் பிடித்தது
இப்போது தொண்ணூற்றொன்றைத்தான் பிடித்தது.

நேர்காணலில்
நைரோபியிலிருந்து வந்த பேராசிரியர் முட்டிசோ
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"எல்லோரும் எண்ணை ஏற்றிக்கொண்டு வருவார்கள்.
நீங்கள் ஏன் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்?"
என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை.
தழும்பைப் பற்றிச் சொன்னேன், தழும்பில்லாததைப் பற்றியும்.
குளிரூட்டிய அந்த அறையில்
வயிறு என்ற சொல்லை
அதுவரை எவரும் உச்சரித்திருக்க மாட்டார்கள்.
நியாபோக்கே ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருத்தங்களுடன் தேர்ச்சி.
பட்டியல் ஒரு பக்கம்:
பொருளடக்கத்தில் பக்க எண்கள் தவறு.
நான்காம் படம் மங்கல்.
ஐம்பத்து மூன்று இடங்களில் ஓ விடுபட்டுள்ளது.

கட்டண பாக்கி இன்னும் இருக்கிறது,
அதைக் கட்டும்வரை பட்டம் வராது.
ஆனாலும் பேருந்து நிலையத்தில்
பேரம் பேசி ஒரு விசைப்பலகை வாங்கினேன்.
விற்றவன் பழைய செய்தித்தாளில் சுற்றித் தரும்போது
"எல்லா எழுத்தும் வேலை செய்யும், சோதித்துப் பாருங்கள்" என்றான்.
ஓவினோ, ஓவினோ என்று
இரண்டு தனித்தனி வரியில் தட்டினேன்.