கதிரைக் காசு

கரடிப்போக்குச் சந்தியால் உள்ளே இறங்கி
மூன்றாவது ஒழுங்கை. மூடிக்கிடந்த அரிசி ஆலை.
அதன் கதவில் இப்போது கரிக்கட்டியால் எழுதியிருக்கிறார்கள்:
நாடகம். ஏழு மணி. இருநூறு ரூபா.
நான் நாடகத்துக்குப் போகவில்லை.
நாற்பது கதிரைக்கு மூன்று கிழமை வாடகைப் பாக்கி.

'முடியட்டும் அண்ணை, ரிக்கற் காசு எண்ணித் தாறம்'
என்றாள் வாசலில் நின்ற கமலரூபி.
பால்மா ரின்னைக் குலுக்கிக் காட்டினாள்.
தாள்காசு சத்தம் போடாது என்று அவளே சொன்னாள்.
'ஏன் நிக்கிறியள், இருங்கோவன்.'

இருந்தேன்.
கல்யாணவீடு, செத்தவீடு, சங்கக் கூட்டம்,
அமைச்சர் வருவார் என்று பரப்பி வைத்து அவர் வராத நாள்,
எல்லாவற்றிலும் பின்னால் நின்றே பழகியவன்.
கைபிடியில் ஒரு வெடிப்பு விரலைக் கடித்தது.
பதின்மூன்று வருஷம். ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

நெல் கொட்டுகிற தகரப் புனலுக்குள் ஒரு பல்ப்.
உமி மணம் இன்னும் போகவில்லை.
முன்வரிசையில் யாரோ தும்மத் தும்ம
தொடங்கிவிட்டது.

ஒரு கந்தோர். உயர்ந்த மேசை.
மேசைக்குப் பின்னால் கொண்டை போட்ட அதிகாரி.
கடுதாசியோடு ஒருவன் வருகிறான்.
'இருங்கோ.' இருக்கிறான்.
'ஒரு கையொப்பம் குறையுது. நாளைக்கு வாங்கோ.'
அவன் போனதும் பியோன் வாளெடுத்து
கதிரையின் நாலு காலிலும்
நாலு விரற்கடை அறுக்கிறான்.
மறுநாளும் வருகிறான். இருக்கிறான்.
மேசை வளர்ந்திருக்கிறது.

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.
இரண்டாம் தரம் அறுக்கும்போதுதான்
கதிரையின் முதுகு இந்தப் பக்கம் திரும்பியது.
செ.வி.
சிவப்புப் பெயின்ற். என் கையெழுத்து.

'டேய், அது என்ர கதிரை!'

கைதட்டினார்கள்.
அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.
'உங்கட எண்டதுக்கு என்ன அத்தாட்சி? மேல வாங்கோ.'

போனேன். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை
பாதி வழியில் அவிழ்த்து விட்டேன்.
கந்தோர் என்றால் கை தானாகவே செய்கிறது.
சட்டைப் பையிலிருந்து பில்லை நீட்டினேன்.
முன்னும் பின்னும் பார்த்தாள். பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
'முத்திரை இல்லை. நாளைக்கு வாங்கோ.'
ஆலை அதிர்ந்தது.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
வேறு மேசை, வேறு கொண்டை.
பதினொரு தரம் போயிருக்கிறேன்.
என் கிணறு
இன்னும் முட்கம்பிக்கு அந்தப் பக்கம்.

திரும்பினேன். கண்ணுக்குள் வெளிச்சம்.
என் கதிரைகளை முன்னாலிருந்து
அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.
என் எழுத்து ஒன்றிலும் தெரியவில்லை.
முழங்கால்கள், மடியில் ஹெல்மெற், பைகள்,
வாய் திறந்தபடி நித்திரையாகிப் போன ஒரு பிள்ளை.

போய் அந்த அறுத்த கதிரையில் இருந்தேன்.
இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
'இந்த உயரம் எனக்குப் பழக்கம்.'
சிரிக்கக் காத்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.
அதிகாரி வசனத்தை மறந்தாள், அல்லது இறக்கி வைத்தாள்.
மேசையைச் சுற்றி வந்து
வெறும் சீமெந்தில் எனக்கு எதிரே இருந்தாள்.
வாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பியோன் நின்றான்.
அப்படியே பல்பை அணைத்தார்கள்.

காசு தந்தார்கள். நூறும் ஐம்பதும் இருபதுமாய்.
அறுத்த கதிரைக்கும் சேர்த்தே எடுத்தேன்;
வியாபாரம் வியாபாரம்தான்.
உதட்டுச் சாயத்தைத் துடைத்துக்கொண்டே
அதிகாரி கேட்டாள்:
'சனிக்கிழமையும் அதே இடத்தில எழும்புவியளோ அண்ணை?'

'அதுக்கு வேற கணக்கு' என்றேன்.

லான்ட்மாஸ்டர் பெட்டியில்
அடுக்குக்குள் அடங்காமல் அது ஒன்று மட்டும்
மேலே ஏறிக் குந்தியிருந்தது.
பள்ளம் வரும்போதெல்லாம்
பின்னால் திரும்பிப் பார்த்தேன்.