மெல்லவும் துப்பவும்

பிரேக் பிடிக்கையில் ஒரு கிறீச்சல் கேட்டிருப்பீர்கள்.
கிறீச்சல் அடங்கிய பின் மிஞ்சுவதில்
என் பத்தொன்பது வருடம் இருக்கிறது.

ஸ்டாக்ஹோமின் பாறையைக் குடைந்த வழியில்
சிவப்புத் தடத்து வண்டி என்னுடையது.
சக்கரம் தண்டவாளத்தை உரசும்,
உரசியது காற்றாகும்:
தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்தாலும்
அதைவிடச் சன்னமான இரும்பு.
கண்ணுக்குத் தெரியாது.
கைக்குட்டைக்குத் தெரியும்.

வசந்தத்தில் பிர்ச் மரங்கள் மஞ்சளைக் கொட்டும்,
கார்களின் மேல், ஏரியின் விளிம்பில்.
முன்பெல்லாம் இரண்டு தும்மல், அதோடு சரி.
இப்போது நெஞ்சுக்குள் யாரோ
நனைந்த கம்பளியை முறுக்குகிறார்கள்.

ஆய்வுக்கு ஆள் கேட்டார்கள், போனேன்.
மூக்கு வழியே குழாயை இறக்கி
உப்புநீர் விட்டு, திரும்ப உறிஞ்சினாள் மஹ்னாஸ்.
நுரைத்து வந்தது, கழுவிய பால்பாத்திரத் தண்ணீர் போல.
மூன்றாம் நாள் கூப்பிட்டு,
"பார்க்கிறீர்களா, குன்வோர்?" என்றாள்.

உருண்டையாய், சாவகாசமாய், என் விழுங்கு செல்கள்.
காற்றறைகளைப் பெருக்குவது அவற்றின் வேலை.
இன்னொன்றும் உண்டாம்:
பூந்தூள் உள்ளே வரும்போது
"ஒன்றுமில்லை, விடு" என்று
மற்றவற்றை அமர்த்துவது.

ஒவ்வொன்றின் வயிற்றிலும் கருப்பு.
மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
வாய் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு
யாரைப் பார்த்து "விடு" என்று சொல்லும்?
ஓரத்தில், சாயம் ஏறிய செம்மணிகளோடு
கூட்டம் கூடிவிட்டிருந்தது.

"அப்படியானால் இந்தத் தூசிதான் காரணமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
எலிகளில் பார்த்ததைச் சொன்னாள்.
துகள் முன்னே போய் ஒவ்வாமை பின்னே வந்தால்
வீக்கம் ஏறியதாம்.
வேறு துகள், வேறு நாள், வேறு அளவு என்றால்
இறங்கியதும் உண்டாம்.
"உங்களுக்கு எது என்று
எனக்குத் தெரியாது."

நிர்வாகத்திடம் ஆறு முறை கேட்டிருக்கிறேன்.
ஆறு முறையும் "வரம்புக்குள்" என்று கடிதம் வந்தது.
தெரியாது என்று
ஒருத்தரும் சொன்னதில்லை.

இன்று மாலை வண்டி.
சுரங்கம் முடிந்து வானம் திறக்கிற வளைவில்
வழக்கமாக ஜன்னலை இறக்குவேன்.
பின்னால் இரும்பு.
முன்னால், வெயிலில் மெல்ல அசைந்தபடி,
பிர்ச்.

கை பிடியின் மேல் இருந்தது.
சிக்னல் பச்சையானது.
ஒரு மிடறு மூச்சை
உள்ளேயே வைத்துக்கொண்டு
பாலத்தைக் கடந்தேன்.