மென்கடன்

எர்ணாவூரில் மூன்று வண்டிகள் நின்றன.
மழைநீர் வடிகாலைப் பார்க்க
மூன்று நாட்டுப் பணம் இறங்கியது
தலையில் தொப்பி, காலில் புது பூட்ஸ்.
மொழிபெயர்க்க நான்.
நாளுக்கு இரண்டாயிரம், சாப்பாடு தனி.

"நிலைத்த வளர்ச்சி" என்றேன்.
தேசராணி இறால் கூடையை இறக்கவில்லை.
"எது நெலைச்சுது? தண்ணிதான்
போன மழைக்கு ஒம்போது நாள் நின்னுது."

இதை எப்படிச் சொல்வது?
"நீர்த்தேக்கம், ஒன்பது நாள்."
குறித்துக்கொண்டார்கள்.

மென்கடன்
திருப்பித் தர நாற்பது ஆண்டு,
முதல் பத்து ஆண்டு யாரும் கேட்கவே மாட்டார்கள்
விளக்கச் சொன்னார்கள், விளக்கினேன்.
கூடை கீழே இறங்கியது.

"பத்து வருசமா!
எங்க குழுக் கடனுக்கு
செவ்வாக்கெழம ஏழு மணிக்கே வாசல்ல நிப்பான்.
இவங்க நம்பர் இருந்தா வாங்கிக் குடு."

அவள் சிரித்ததால் அவர்களும் சிரித்துவைத்தார்கள்.
என்ன சொன்னாள் என்று என்னைப் பார்த்தார்கள்.
"நன்றி சொல்கிறார்."

திட்டப் பலகையில் பதினேழாவது சதுரம், அடர்நீலம்:
கூட்டாண்மை.
அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அதன்மேல்
விரலால் யாரோ எழுதியிருக்கிறார்கள்
ஒரு பையன் பேர், ஒரு பெண் பேர்
நடுவில் கூட்டல் குறி.

வண்டியில் ஏசி சில்லென்றிருந்தது.
யாரோ தேதி கேட்டார், அறிக்கைக்கு.
சொன்னேன்.
திங்கட்கிழமை என்பதையும் சேர்த்து.