பாதி நெற்றி

அட்டையில் பெயர் இவனுடையதுதான்.
வெண்டல் க்ரோக்கெட், கொட்டை எழுத்தில்.
படத்தில் முன்னால் நிற்பது சாக்ஸபோன்காரன்,
அவன் தோளுக்கு மேலே ஒரு சிம்பலின் விளிம்பு,
விளிம்புக்குப் பின்னால் பாதி நெற்றி.
அவ்வளவுதான் தலைவர்.

பெங்களூரில் எடைக்கு எடுத்த மூட்டையில் கிடந்ததாம்.
ராயக்கோட்டை ரோட்டில் இம்தியாஸின் டயர்க்கடை,
அதன் மாடியில் என் வாடகை அறை.
"உங்ககிட்டதான் அந்தச் சுத்துற மெஷின் இருக்கே அக்கா"
என்று சும்மா கொடுப்பவன் போல நீட்டி
அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

ஜூன் மாதம். மாம்பழக்கூழ் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
முழங்கைவரை பெங்களூரா வாசனை போகாது.
ஊசியை வைத்துவிட்டு
ஈரத் தலையோடு தரையில் படுக்கிறேன்.

முதலில் ஆர்கன்,
கொப்பரையில் கூழ் முதல் குமிழி விடுகிற மாதிரி
தடித்து, சோம்பலாய்.
கிடார் அதன்மேல் சின்னச் சின்னதாய்க் கிள்ளுகிறது.
சாக்ஸபோன் வந்து
வீட்டு ஓனர் போல நடு அறையில் நின்று பேசுகிறது.
இவனைக் காணோம்.
இருக்கிறான்.
சிம்பலைத் தட்டாமல் தட்டி,
ரெண்டாவதுக்கும் நாலாவதுக்கும் ஓர் அறை,
மற்றபடி வழிவிட்டு.

முதல் வாரம் எனக்குக் கோபம்தான்.
எங்கள் ரவுண்டானாவில் வந்து பார்,
தலைவர் என்றால் எப்படி இருப்பார் என்று:
முப்பதடி ஃப்ளெக்ஸ், மேகத்துக்குள் தலை,
காலடியில் தபால்தலை அளவில்
வட்டம், ஒன்றியம், கிளை.
உன் பெயரில் ரெக்கார்டு போட்டுவிட்டு
இப்படியா ஒளிவாய், வெண்டல்?

இந்த சீசனில்தான் என்னை லைன் லீடர் ஆக்கினார்கள்.
நாளுக்கு நாற்பது ரூபாய் கூட. ஒரு விசில்.
தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மூன்றாவது பாட்டு. வார்த்தை கிடையாது, பாட்டுத்தான்.
சாக்ஸபோன்காரன் ஏறிக்கொண்டே போய்
சையத் பாஷா மலையில் பாதியில் சிக்கிய பையன் போல
இறங்க வழி தெரியாமல் நிற்கிறான்.
கூப்பிடவும் வெட்கம்.
ஆர்கனும் ஒரு கணம் கையை எடுத்துவிடுகிறது.
அப்போது
டக். டக்.
அதட்டல் இல்லை. இங்கேதான் இருக்கிறேன் என்று மட்டும்.
பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறான்.
இது என் காதில் விழ
இருபது காலைகள் ஆயின.

வியாழன் இரவு, ஒன்றரை மணி.
அஞ்செட்டியிலிருந்து வந்த கெஞ்சம்மா
பெல்ட் முன்னால் நின்றபடியே தூங்குகிறாள்.
அழுகல் எல்லாம் அவளைத் தாண்டிப் போகிறது.
விசில் வாய்வரை வந்தது.
கத்திப் பிடியால் மேஜையில் ரெண்டு தட்டினேன்.
அவள் கை தானாக நீண்டு ஒரு பழத்தை எடுத்து எறிந்தது.
நல்ல பழம்.
அடுத்ததுதான் அழுகல்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முனிரத்னம் சார்
என்ன என்று புருவத்தைத் தூக்கினார்.
ஒண்ணுமில்ல சார்.

ரெண்டாம் பக்கக் கடைசியில் அவன் தனியாக வாசிக்கிறான்.
அங்கேதான் கீறல்.
ஊசி தாவி, முடிவு ஆர்கனில் போய் விழும்.
ஒரு மாதமாக அந்த இடத்தில்
கீழே ரிம்மில் விழும் சுத்தியலைத்தான் கேட்டேன்.
இம்தியாஸ் சொன்னபடி இன்று
ஊசிக் கையின்மேல் ஒற்றை ரூபாய் வைத்தேன்.
தாவவில்லை.

பெரிதாக ஒன்றுமில்லை.
இடியும் இல்லை மின்னலும் இல்லை.
இதுவரை வாசித்த அதே தாளம்,
எல்லோரும் எழுந்து போன அறையில்
நாற்காலி நகர்த்துவது போலக் கொஞ்சம் சத்தமாக.
நடுவில் யாரோ சிரிக்கிறார்கள்,
மைக்குக்கு ரொம்பத் தள்ளி.

கீழே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்துவிட்டது.
ராத்திரி எட்டு மணிக்கு ஷிஃப்ட்.
ரூபாயை எடுக்காமலே தூங்கிப்போகிறேன்.