பதினேழாவது வளைவு

மோர்கம் கடற்கரையில்
பூமிப் படகை நிறுத்தப்போகிறார்கள்.
நாற்பத்தெட்டு வருடம் ஓடியது.
எட்டே நிமிடத்தில் உலகம்:
பனிக்கரடி, பிரமிடு, காற்றாலை,
விசிறி உதிர்ந்த கிமோனோப் பெண்,
பதினேழாவது வளைவில்
தலைப்பாகையும் மகுடியுமாய் எங்கள் ஆள்.

எங்கள் ஆள் என்று நான் சொல்லவில்லை.
பதினொரு வயதில், பள்ளிச் சுற்றுலாவில்,
"வாகினி, உன் அப்பா!" என்றான் கிரெய்க் டன்னிங்.
படகு முழுக்கச் சிரித்தது.
டீச்சரும், வாயைக் கையால் மூடிக்கொண்டு.
என் அப்பா லங்காஸ்டர் ஆஸ்பத்திரியில்
மயக்க மருந்து கொடுப்பவர்.
திரையில் பாம்பு வந்தால் டிவியை அணைப்பவர்.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள்.
ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு நடுங்கவில்லை.
நடைபாதையில், நீச்சல் குளத்தில், கணக்குப் பாடத்தில்
என்னைக் கண்டதும் ஸ்ஸ்ஸ்.
அந்த ஒரு சொல்லில் மட்டும்
யாருக்கும் எழுத்துப்பிழை வந்ததில்லை.

இப்போது ஊர் இரண்டாகிவிட்டது.
'படகு எங்கள் பிள்ளைப்பருவம்' என்று ஒரு பலகை
மீன் வறுவல் கடைக் கண்ணாடியில்.
'பொம்மைகள் அவமானம்' என்று இன்னொன்று
நூலக வாசலில்.
அதைப் பிடித்து நின்றவர்களில் பாதிப்பேர்
பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள்.
மீதிப் பாதியில் ஒருத்தி என் மகள்.

நகர மன்றக் கூட்டத்தில்
மைக்கை என் பக்கம் திருப்பினார்கள்.
மருந்துக்கடைக்காரி, உள்ளூர்க்காரி, நிறமும் தோது.
"உங்களைப் புண்படுத்துகிறதா?"
திருமதி ஹெப்பிள்வைட் கேட்டார்,
கொப்புளத்துக்குக் களிம்பு கேட்கும் அதே குரலில்.
பாம்புக்குத் தலையைக் காட்டி மீனுக்கு வாலைக் காட்டும்
விலாங்கைப்போல் வழுக்கிப் பேசினேன்.
இரண்டு பக்கமும் கைதட்டினார்கள்.

சொல்லாமல் விட்டது இது.

பதினாறு வயது. குளிர்கால மூடலுக்கு முந்தின சனிக்கிழமை.
டீன் ஆஸ்பினல் என்னை முத்தமிட்டான்.
பதினேழாவது வளைவில்தான்,
அங்கேதான் ஒரு விளக்கு எரியாது.
முடிந்ததும் காதோடு சொன்னான், ஸ்ஸ்ஸ்.
அன்பாகத்தான் சொன்னான்.
எட்டிக் கை நீட்டினேன்.
அவனை அடிக்க அல்ல.
கூடையிலிருந்து எழும் பாம்பின் கழுத்தை
ஒரே திருகு.
காகிதக்கூழ்தான்,
முருங்கைக்காய் மாதிரி முறிந்து வந்தது.

மறுவருடம் புதுத் தலை வைக்கக் காசில்லையாம்.
வெறும் கழுத்து எழும்பி எழும்பி அமர்ந்தது.
ஊருக்கு அது பிடித்துப்போயிற்று.
பனியனில் போட்டார்கள், தேநீர்க் கோப்பையில் போட்டார்கள்,
ஒரு மதுக்கடைக்கே 'தலையில்லாப் பாம்பு' என்று பெயர் வைத்தார்கள்.
கிரெய்க் டன்னிங் முழங்கையில் பச்சை குத்தியிருக்கிறான்.
ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தபோது
சட்டைக் கையை மடித்துக் காட்டினான்:
"இதைக்கூட எடுத்துவிடுவார்களாம், வாகினி."
கண் கலங்கியிருந்தது.
இருபத்தெட்டு மாத்திரைகள்.
இருமுறை எண்ணிக் கொடுத்தேன்.

கடைசி நாள், வரிசை கடிகாரக் கோபுரம்வரை.
கைப்பைக்குள் தலை.
முப்பது வருடமாய் இழுப்பறையில்
தீர்ந்த பேட்டரிகளோடு கிடந்தது.
ஒரு கண் கண்ணாடி மணி, மற்றது பசைத் தழும்பு.

குளோரின் வாடை. ஈர இருக்கை.
முன் படகில் யாரோ மூக்கை உறிஞ்சுகிறார்கள்.
பதினேழு.
மகுடிக்காரன் முகத்தை
இன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன்.
நீலக் கண்.
மூக்கோரம் பழுப்புப் பூச்சு உரிந்த இடத்தில்
உள்ளே பன்றித்தொடை நிறம்.
யாரோ ஒரு லங்காஷயர்க்காரன்,
இத்தனை வருடமும் மூச்சுப் பிடித்து ஊதியிருக்கிறான்.

கழுத்து எழும்பியது, என் முன்னால்
அரை நொடி நின்றது.
தலையை எடுத்து நீட்டினேன்.
பொருந்தாது; முனையில் முப்பது வருடப் பெயின்ட்.
எப்படியோ வைத்திருப்பேனா என்று தெரியவில்லை,
அதற்குள் சங்கிலி இழுத்துவிட்டது.

வெளியே வெயில். படகுக்காரப் பெண்
கைகொடுத்து இறக்கிவிட்டாள்.
பையின் ஜிப்பை மூடிக்கொண்டு
வரிசையின் கடைசியைத் தேடி நடந்தேன்.