மூன்றாவது ஜன்னல்

கடலைப் பார்த்து எங்கள் வீட்டுக்கு மூன்று ஜன்னல்கள்.
இரண்டு திறக்கும்.
மூன்றாவது, சுவரில் வரைந்தது.
பச்சைக் கதவு, பாதி திறந்தாற்போல்.
கதவின் நிழலையும் விடவில்லை வரைந்தவன்:
காலை பத்து மணி நிழல்.
மாலை ஆறுக்கும் அங்கே பத்து மணிதான்.

அதன் பின்னால் எங்கள் படுக்கையறை.
உள்ளிருந்து பார்த்தால் வெறும் சுவர்,
அலமாரியை ஒட்டி நிறுத்தியிருக்கிறோம்.
இரவெல்லாம் ஃபொக்காச்சா சுட்டுவிட்டு
ஆறு மணிக்கு வந்து விழுவான் ஒரெஸ்தே,
காதோரம் மாவு அப்பியபடி.
வெளிச்சம் வராத அறை.
வாடகை எண்பது யூரோ குறைவு,
அவன் தூக்கம் நிறைவு.

கமோலியில் வந்து இறங்குகிறவர்கள்
ரோமில் மூன்று நாள், ஃப்ளோரன்ஸில் இரண்டு நாள்,
சியேனாவில் ஒரு மதியச் சாப்பாடு என்று
எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார்கள்.
எந்த மணிக்கூண்டு எந்த ஊரில் என்று
கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டே
பெட்டியை உருட்டி வருவார்கள்.
அவர்கள் புரண்டு படுத்த விரிப்புகளை மாற்றுவது நான்.
கட்டிலுக்கடியில் கிடைக்கும்
ஒற்றைக் காதணி, அருங்காட்சியகச் சீட்டு,
பெட்டியின் எடை கூடியதும் கைவிட்ட கூழாங்கற்கள்.
கற்களை மாலையில் கடலில் போட்டுவிடுவேன்.
வேறு ஊர்க் கரையில் பொறுக்கியவையாகவும் இருக்கலாம்.
கடல் கேட்டதில்லை.

பதினோரு வருடம்.
ஒரு நாள்கூடப் பார்க்கவென்று படகில் ஏறியதில்லை.

அக்டோபரில் ஒரு செவ்வாய், அறைகள் பாதி காலி.
சீட்டுக் கூண்டில் துல்லியோ.
"நிவேஸ், மடாலயத்தில் வேலையா?"
"இல்லை. பார்க்கப் போகிறேன்."
"எதை?"
அதற்கு நான் பதில் தயாரித்து வரவில்லை.
உள்ளூர்க்காரர் சீட்டைக் கிழிக்கப் போனான்.
முழுச் சீட்டே கொடு என்றேன்.
காய்ச்சலா என்று பார்ப்பதுபோல் பார்த்தான்,
கொடுத்தான்.

படகு துறையை விட்டுத் திரும்பியதும்
ஊர் முழுக்க எழுந்து நின்றது.
மஞ்சள், செங்காவி, பழுத்த அத்திப்பழ நிறம்.
யார் வீட்டு உள்ளாடை எந்தக் கொடியில் என்பது வரை
எனக்குத் தெரிந்த ஊர்,
என்னை யாரென்று கேட்காமல்
நேராக முகம் காட்டியது.

பக்கத்தில் ஒரு பையன், கையில் தொலைநோக்கி.
"அம்மா, அங்கே ஒருத்தர் கதவைப் பாதி திறந்துவைத்து
நம்மைப் பார்க்கிறார்" என்று கையசைத்தான்.
எங்கள் மூன்றாவது ஜன்னலுக்கு.
சொல்லியிருக்கலாம், அது சாயம் என்று.
நானும் கையசைத்தேன்.

ஒரெஸ்தேவுக்குப் போன் போட்டேன்.
நான்கு மணி நேரத் தூக்கம் கலைந்து
யார் செத்தார்கள் என்றான்.
"யாரும் சாகவில்லை. அலமாரிக்குப் பின்னால் சுவரைத் தட்டு."
"எதற்கு?"
"தட்டேன்."
திட்டினான். ஏதோ இழுபட்டுக் கிறீச்சிட்டது.
பிறகு, டக். டக் டக்.
காதுக்குள் அவன் கை,
கண்ணெதிரே அசையாத பச்சைக் கதவு.
அந்த நேரம் வெயிலும் பத்து மணிக்கு வந்திருந்தது:
தெரு நீளத்துக்கு எல்லா ஜன்னல் நிழலும்
ஒரே பக்கம் சாய்ந்திருக்க,
எது திறக்கும், எது திறக்காது என்று
எனக்கே தெரியாமல் போன
ஒரு நிமிடம்.
"கேட்டதா?" என்றான்.
"தெரிகிறது" என்றேன்.

மடாலயத்தையும் பார்த்தேன்.
அழகுதான். காப்பி நான்கு யூரோ.

திரும்பி வந்தபோது அவன் மறுபடி தூங்கியிருந்தான்.
அலமாரி சுவரை விட்டு ஒரு சாண் விலகி நின்றது.
அவனும் தள்ளி வைக்கவில்லை, நானும் சொல்லவில்லை.
அந்த இடுக்கில் இப்போது
துடைப்பத்தைச் சாத்தி வைக்கிறேன்.