சலித்தல்

சலிப்பது என்றால் எங்கள் மொழியில்
இரண்டு பொருள்.
மாவுக்குச் செய்வது ஒன்று.
இரவுப் பணியில் நாலு மணிக்கு
எனக்கு ஆவது இன்னொன்று.

தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டி இரண்டாம் மாடி.
எங்கள் கேபிள் போகும் வீடுகளுக்கெல்லாம்
மெயில் இந்தச் சல்லடை வழியாகத்தான் இறங்கும்.
விழாத லாட்டரி, வழுக்கையில் முளைக்கும் முடி,
ஆதார் இல்லாமல் கடன்,
செத்துப்போன தளபதியின் பெட்டிப் பணம்
எல்லாம் மேலேயே தங்கிவிடும்.
ஐந்து மதிப்பெண் தாண்டினால் குப்பை.
இங்கே அதிகம் வாங்கினவன்தான் ஃபெயில்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் முடிகிற நேரம்,
மர்ஃபி டவுனிலிருந்து வெரோனிக்கா வந்தார்.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
கையில் நாலாய் மடித்த பிரிண்ட்.
"மூணு வாட்டி அனுப்பிட்டேன். திரும்பியும் வரல.
போச்சா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

போயிருந்தது. மூன்றும்.
யாரும் திறக்காத அறையில் முப்பது நாள் கிடந்து
முதலாவது தானாகவே அழிந்திருந்தது.
மற்ற இரண்டும் வரிசையில்.
அவர் பெட்டியைத் திறக்க எனக்கு உரிமையில்லை.

தம்பி எலக்ட்ரானிக் சிட்டியில்.
இருபது கிலோமீட்டர், ஆறு வருடம்.
நம்பர் பிளாக்.
நேரில் போனபோது செக்யூரிட்டி
இன்டர்காமில் கேட்டுவிட்டு
"ஊருல இல்லையாம்" என்றாராம்.
கார் அங்கேயே நின்றதாம்.
மிச்சமிருந்தது இந்த ஒரு முகவரி.

கடிதத்தைச் சோதனையில் ஓட்டினேன்.
'உடனே': ஒன்றரை.
'வீடு விற்பனை': முக்கால்.
'உங்கள் பங்குத் தொகை': இரண்டு.
(தம்பியை உங்கள் என்று எழுதியிருந்தார்.)
'வங்கிக் கணக்கு விவரம் அனுப்பவும்': இரண்டரை.
அந்த விதியை எழுதியது நான்தான்,
பென்ஷன் முழுக்கப் பறிகொடுத்த ஒருவர்
போனில் அழுத மறுநாள்.

கடைசி வரி:
'அன்புள்ள' என்பதற்குப் பின் பெயர் இல்லை.
ஒன்றேகால்.
ஊருக்கே அனுப்புகிறவனுக்குத்தானே
பெயர் தெரியாது.

"பேரு போடலையே மேடம்?"
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"போட வரல."

பொய்க்காரனும் அவசரம் என்றுதான் சொல்வான்.
பணம் என்றுதான் சொல்வான்.
தயவுசெய்து என்பதில் அவன் கைதேர்ந்தவன்.
நிஜமாகவே நெருக்கடியில் இருப்பவருக்கென்று
தனியாகச் சொற்கள்
யாரும் எடுத்துவைக்கவில்லை.

என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.
அவர் கணக்கைத் திறந்தார்.
'உடனே'யை எடுத்தோம். வங்கியை எடுத்தோம்.
தொகையை எடுத்தபோது
வீடும் கூடவே போய்விட்டது.
மிஞ்சியது ஓர் அன்புள்ள,
அதன் பக்கத்தில் ஓர் இடைவெளி.

அந்த இடைவெளியில் கர்சர்
நெடுநேரம் கண்சிமிட்டியது.
பிறகு ஒரு பெயரை அடித்தார்.
எந்தச் சான்றிதழிலும் இருக்காது அது.
இங்கே எழுதமாட்டேன். எனக்கு வந்த கடிதமல்ல.
கீழே ஒரே வரி:
அக்காதான். சும்மாதான் எழுதுகிறேன்.

புள்ளி நான்கு.
அவர் எழுதியதிலேயே
பொய்யான வரி அது ஒன்றுதான்.
வழுக்கிக்கொண்டு இறங்கியது.

250 ஓகே என்றது சர்வர்.
"படிச்சானா?"
"வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம் மேடம்.
அதுக்கு மேல எனக்குத் தெரியாது."
ஹெல்மெட்டின் பட்டியை இறுக்கிக்கொண்டு
படியிறங்கினார்.

என் விதியைத் திறந்தேன்.
இரண்டரையை இரண்டாக்கினேன்.
போனில் அழுதவர் குரல் வந்தது.
மறுபடி இரண்டரை.

பகல் ஷிஃப்டுக்கு வந்த ரங்கேகௌடர்
பையை இறக்கிவைத்து,
"திண்டி ஆய்தா?" என்றார்.
இன்னும் இல்லை என்றேன்.